தங்கள் மேலான கருத்து வரவேற்கப்படுகிறது

அனுப்புநர்: மருத்துவர், மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்று. (பெயரும் பதிவு எண்ணும் கேட்டிருக்கிறீர்கள். மார்ஃபின் என்று சீட்டில் எழுதியதற்கே விளக்கம் கேட்கப்பட்டவன் நான். பெயர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

பெறுநர்: கருத்துக் கேட்கும் குழுவின் உறுப்பினர் செயலர் அவர்கள்.

பொருள்: மருந்துச் சீட்டு எழுதும் நெறிமுறைகளும் வலி நிர்வாகக் கொள்கையும் – வரைவு – மருத்துவர்களின் கருத்து கோரியது – பதில் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சுற்றறிக்கை. 2. அதற்கு முந்தைய சுற்றறிக்கை. 3. அந்தச் சுற்றறிக்கைக்குப் பதில் வராததால் அனுப்பப்பட்ட நினைவூட்டு. 4. நினைவூட்டு கிடைத்ததா என்று கேட்டு அனுப்பப்பட்ட நினைவூட்டு.

ஐயா,

தங்கள் சுற்றறிக்கை கெடு முடியும் தறுவாயில் கைக்கு வந்தது. குறை சொல்லவில்லை. தலைமையகத்தில் புறப்பட்டு, இணை இயக்குநர் அலுவலகத்தில் இளைப்பாறி, கண்காணிப்பாளர் மேசையில் கண்ணயர்ந்து, ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற பச்சை மைக் குறிப்போடு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த நாட்டில் வலி நிவாரணம் நகரும் வேகத்தைப் பார்த்தவனுக்கு இது வாயு வேகம்.

படிவத்தில் ஏழு வினாக்கள். பதில் 50 சொற்களுக்கு மிகாமல் இருக்க வேண்டுமாம். மிகும். மார்ஃபின் கணக்கில் மிகுந்தால்தான் சிறை. சொல் கணக்குக்கு இன்னும் சட்டம் வரவில்லை.

வினா 1: தங்கள் பணியிடத்தில் நோயாளிகளிடையே வலியின் அளவு யாது? (குறைவு / மிதம் / அதிகம் – பொருந்தாததை அடிக்கவும்)

ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் ஒருவர் கிடக்கிறார். வாய்ப்புற்று. தாடையைத் தின்று, கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உங்கள் மூன்று கட்டங்களில் எதை அடிக்கலாம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கேட்டால் பதில் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அவர் மனைவி சொன்னதை எழுதுகிறேன்: “சாகப் போறாருன்னு தெரியும் டாக்டரய்யா. அதைக் கேட்கல. கத்திக் கத்தித்தான் சாகணுமா?” இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றை வகுத்தது. முதல் படி பாராசிட்டமால் வகையறா. இரண்டாம் படி கோடீன் போன்ற மிதமான மருந்துகள். மூன்றாம் படி மார்ஃபின். வாய்வழியாக, நேரம் தவறாமல், நோயாளியின் வலிக்கு ஏற்ற அளவில். மலச்சிக்கலுக்குக் கூடவே ஒரு மருந்து. அவ்வளவுதான் விஞ்ஞானம். ராக்கெட்டோ ரோபோவோ தேவையில்லை. மாத்திரை சில ரூபாய்தான். எங்கள் மருத்துவமனையில் இரண்டு படி வரை ஏறலாம். மூன்றாவதற்குக் காலைத் தூக்கினால் அங்கே படி இருக்க வேண்டிய இடத்தில் கோப்பு இருக்கிறது.

வினா 2: மருந்துச் சீட்டு எழுதும் தரத்தை உயர்த்தத் தங்கள் ஆலோசனை யாது?

எங்கள் கையெழுத்தைப் பற்றி அரசுக்கு எப்போதுமே அக்கறை உண்டு. 2016இல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுதச் சொன்னது. நியாயம்தான். பிறகு 2022 மே மாதத்தில் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்களின் நடத்தை விதிகளுக்கு ஒரு வரைவை வெளியிட்டு, இதே போலக் கருத்துக் கேட்டது. ஓராண்டுக்கு மேல் ஆழ்ந்து சிந்தித்து 2023 ஆகஸ்ட் 2இல் விதிகளை அறிவித்தது. ஆகஸ்ட் 23இல் நிறுத்திவைத்தது. கருத்துக் கேட்டுப் பெற்ற பிள்ளைக்கு ஆயுள் மூன்று வாரம். அதற்குப் பிறகும் எங்கள் கருத்தைக் கேட்கத் துணிந்த தங்கள் நெஞ்சுரத்தை வணங்குகிறேன்.

மார்ஃபின் என்பதைப் பொதுப்பெயரில், பெரிய எழுத்தில், பிழையில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை வாசிக்கும்படி எழுதித்தர என்னால் முடியும். எழுதியும் தந்தேன். மேற்படி நோயாளியின் மனைவி அந்தச் சீட்டோடு எங்கள் மருந்தகத்துக்குப் போனார், இருப்பு இல்லை. வெளியே மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கினார், “இதெல்லாம் நாங்க வைக்கிறதில்லைம்மா.” கையெழுத்துத் தெளிவாக இருந்ததால் ஒரு நன்மை விளைந்தது. கடைக்காரர்கள் தூரத்திலிருந்தே வாசித்துவிட்டு இல்லை என்றார்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் நடை மிச்சம்.

தரம் என்பது சீட்டின் தரமா, சீட்டுக்கு மருந்து கிடைப்பதன் தரமா என்று குழு முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

வினா 3: நடைமுறையில் உள்ள சட்டங்கள் மருத்துவருக்குத் துணைபுரிகின்றனவா?

நன்றாகத் துணைபுரிகின்றன, ஐயா. பொறுப்பிலிருந்து தப்பிக்க.

போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் பிறப்புக் குறிப்பை ஒருமுறை பாருங்கள். மசோதா மக்களவைக்கு வந்தது 1985 ஆகஸ்ட் 23. குடியரசுத் தலைவர் ஒப்புதல் செப்டம்பர் 16. ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 14, குழந்தைகள் தினம். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நாடு தந்த பரிசு என்று வைத்துக்கொள்ளலாம். அன்று பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. 1989இல் சில குற்றங்களுக்கு மரண தண்டனையும் சேர்ந்தது. கடத்தல்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில், பதிவேட்டில் ஒரு மாத்திரை கணக்கு உதைத்த மருந்தாளுநரும் சிக்கக்கூடும் என்று தெரிந்ததும் மருத்துவமனைகள் புத்திசாலித்தனமான முடிவுக்கு வந்தன: மருந்தே வைக்காவிட்டால் பதிவேடே வேண்டாம்.

வைக்க விரும்பிய சில அசடுகளுக்கும் வழி இருந்தது. இருப்பு வைக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், அந்த மாநிலத்திலிருந்து அனுப்ப ஓர் அனுமதி, இந்த மாநிலத்துக்குள் நுழைக்க ஓர் அனுமதி. வெவ்வேறு அலுவலகங்கள், வெவ்வேறு முத்திரைகள். எல்லாம் ஒரே நாளில் உயிரோடு இருக்க வேண்டும். கடைசி உரிமம் வந்து சேரும்போது முதல் உரிமம் காலாவதியாகியிருக்கும். பல நேரங்களில் நோயாளியும்.

பலன்? 12 ஆண்டுகளில் இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது. 1997இல் முழு நாட்டுக்கும் 18 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மில்லிகிராம் மாத்திரையாக 18 லட்சம். நாளுக்கு ஆறு மாத்திரை வீதம் 10,000 பேருக்கு ஒரு மாதம் வரும். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள், பல் இருந்தவர்கள்.

இந்தச் சட்டம் யார் பொறுப்பில் இருக்கிறது தெரியுமா? சுகாதார அமைச்சகம் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை. பிரிட்டிஷ்காரன் அபினியை வருமானமாகப் பார்த்தான். அவன் போனான், நாற்காலி போகவில்லை. ஆக, இந்தியக் குடிமகனின் எலும்புக்குள் புற்று புகுந்து குடைந்தால் அது சட்டப்படி வருவாய் சம்பந்தப்பட்ட விவகாரம்.

2014இல் நாடாளுமன்றத்துக்கு ஞானோதயம் பிறந்தது. சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய போதை மருந்துகள் என்று 2015இல் அறிவிக்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே அனுமதி தரலாம் என்று ஆயிற்று. இதற்காகப் போராடிய திருவனந்தபுரம் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே ஓர் ஆயுள் போயிற்று. பூட்டுப் போட ஒரு மாதம், சாவியைத் தேட 29 வருடம். மார்ஃபின் 1977இலிருந்தே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது என்பதைக் குழுவின் கோப்பில் யாராவது சேர்த்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

விதி மாறியது, பயம் மாறவில்லை. என் தலைமுறை மருத்துவர்களுக்கு அபினி வகை மருந்துகளைப் பற்றி ஆழமாகப் பாடம் எடுத்தது தடய மருத்துவத் துறை. நச்சியல் அத்தியாயத்தில். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், மூச்சு அடங்கும், பிரேதப் பரிசோதனையில் இன்னின்னது தெரியும். உயிரோடு துடிக்கிறவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று எந்த வைவாவிலும் யாரும் கேட்கவில்லை. ஆகவே என் சக மருத்துவர்கள் மார்ஃபின் என்றதும் நோயாளியின் முகத்தை நினைப்பதில்லை, நீதிமன்றக் கூண்டை நினைக்கிறார்கள். “கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா” என்பது அவர்களுடைய நிரந்தர மருந்துச் சீட்டு. இதற்கு உரிமம் வேண்டாம். இருப்பும் தீராது.

வினா 4: மருந்து இருப்பு போதுமான அளவில் உள்ளதா?

நாட்டில் ஏராளமாக உள்ளது, ஐயா. எங்களிடம்தான் இல்லை.

மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானின் சித்தோர்கர் வட்டாரங்களிலும் உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும் லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகள் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி வளர்க்கிறார்கள். கீறும் உரிமம் உள்ளவர்கள் காயைக் கீறிப் பாலெடுத்துக் குவாலியரில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய போதைப்பொருள் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். ஹெக்டேருக்கு 4.2 கிலோ மார்ஃபின் தேறாவிட்டால் அந்த உரிமம் கைநழுவும். விவசாயியிடம் மார்ஃபின் குறைந்தால் அரசுக்கு வரும் கோபத்தைப் பாருங்கள்! நோயாளியிடம் குறைந்தால் வராது. பிறகு நீமச், காஜிப்பூர் அரசு ஆலைகள். சட்டப்படி அபினிப் பிசின் எடுத்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது மட்டுமே. அமெரிக்கா தன் வலி மருந்துகளுக்கான மூலப்பொருளில் குறைந்தது 80 சதவீதத்தை இந்தியா, துருக்கி இரண்டிடமிருந்தே வாங்க வேண்டும் என்று அங்கே 1981இலிருந்து ஒரு விதியே உண்டு.

உள்நாட்டுப் பயனாளிகளும் இல்லாமல் இல்லை. நீமச் வட்டாரத்தில் கிளிகள் கூட்டமாக வந்து கசகசாக் காய்களைக் கொத்திக்கொண்டு போகின்றன என்று விவசாயிகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். காஜிப்பூர் ஆலையின் கழிவு நீரைக் குடித்துவிட்டுக் குரங்குகள் கிறங்கிக் கிடப்பதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டிருக்கின்றன. கிளிக்கு உரிமம் கிடையாது. குரங்குக்குப் பதிவேடு கிடையாது. அவற்றிடம் யாரும் கருத்தும் கேட்டதில்லை. ஒருவேளை அதனால்தான் அவற்றுக்குக் கிடைக்கிறது.

மனிதர்களின் நிலை: 2017இல் லான்செட் ஆணையம் கணக்கெடுத்தபோது, இந்தியாவில் தேவையில் 4 சதவீதத்துக்குத்தான் வலி மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. ஆண்டுக்கு 14 லட்சம் பேருக்கு மேல் புதிதாகப் புற்றுநோய் காணும் நாடு இது. நம் தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசல் வரை வருகிறது. செவிலியர் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். கோடி கும்பிடு. அவருடைய பையில் மார்ஃபின் மாத்திரை இருக்க வேண்டுமானால் அவருக்குப் பின்னால் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருக்க வேண்டும். மருத்துவம் மக்களைத் தேடி வந்துவிட்டது. மருந்தை மக்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வினா 5: தவறான பயன்பாட்டைத் தடுக்க மேலும் என்ன கட்டுப்பாடுகள் தேவை?

மேலும் என்ற சொல்லை வைத்திருக்கிறீர்களே, அங்கேதான் குழுவின் நெஞ்சு தெரிகிறது.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண மையம் நோயாளிகளின் கையிலேயே மார்ஃபின் மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் 1,723 பேர். பெரும்பாலும் ஏழைகள். 2001இல் லான்செட் இதழில் ஆய்வு வெளியானது: தவறான பயன்பாடோ கடத்தலோ ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை. சாகக் கிடக்கும் தகப்பனின் மாத்திரையை விற்றுக் காசாக்கும் பிள்ளை அந்த 1,723 வீடுகளில் இல்லை. இருப்பான் என்று நம்பித்தான் நாம் சட்டம் வைத்திருக்கிறோம்.

தவறான பயன்பாடு வேண்டுமா? தமிழ்நாட்டுப் பத்திரிகை எதையாவது விரியுங்கள். ‘வலி நிவாரண மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது’ என்று ஏதாவதொரு பக்கத்தில் இருக்கும். டேபென்டடாலைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பையன்களுக்குச் சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம், கையிருப்பு இல்லை என்ற பேச்சே வேண்டாம். அதே டேபென்டடாலை, தசை தளர்த்தும் இன்னொரு மருந்தோடு கலந்து, எந்த நாடும் அங்கீகரிக்காத மாத்திரையாக மும்பை நிறுவனம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்ததை 2025 பிப்ரவரியில் பிபிசி அம்பலப்படுத்தியது. அதன் பிறகுதான் தடை வந்தது. கொள்கலன் கொள்கலனாகப் போனது கண்ணில் படவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் பத்து மாத்திரை மட்டும் பூதக்கண்ணாடி வைத்தாற்போலத் தெரிகிறது.

ஆகவே என் கருத்து: கட்டுப்பாடு உறுதியாக வேண்டும். கட்டிலில் கிடப்பவரை விட்டுவிட்டு, கப்பலில் ஏற்றுபவரைக் கட்டுப்படுத்துங்கள்.

வினா 6: கொள்கையை விரைந்து நிறைவேற்ற முன்மாதிரிகள் ஏதேனும் உண்டா?

உண்டு. உள்நாட்டிலேயே ஒன்று. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசிதான் பாறுக் கழுகுகளைக் கூண்டோடு அழிக்கிறது என்று 2004இல் நிரூபணமானது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்விடக் கூடாது என்று 2015இல் குப்பியின் அளவையே 3 மில்லியாகச் சுருக்கியது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை. நல்ல காரியம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகள் நூறாண்டு வாழட்டும். வலி மருந்து விஷயத்தில் இந்த அரசால் இரண்டே ஆண்டில் முடிவெடுக்க முடியும் என்பதற்கு அவை பறக்கும் சாட்சி. பிணமாவதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கும் அந்தச் சலுகையை நீட்டிக்கலாம்.

வெளிநாட்டு முன்மாதிரியாக அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்துவீர்கள் என்று தெரியும். அங்கே மருந்து நிறுவனங்கள் பொய் சொல்லி விற்று லட்சக்கணக்கானோரைக் கொன்றது உண்மை. அவர்கள் ஊரில் வெள்ளம் வந்ததற்கு நம் ஊர்க் குடிநீர்க் குழாயை அடைப்பது என்ன நியாயம்? அமெரிக்க அரசும் பயந்துபோய் 2016இல் வழிகாட்டு நெறிகள் போட்டார்கள். அவற்றைக் கல்வெட்டாக்கி, நோயாளிகளுக்கு மருந்தைத் திடீரென்று வெட்டியதில் வேறொரு துயரம் விளைந்தது. பிறகு 2022இல் புதிய வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். சுமார் 5,500 பேர் எழுதினார்கள். வலியோடு வாழ்கிறவர்களும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், இறுக்கம் தளர்ந்த நெறிகள் வெளிவந்தன. கருத்துக் கேட்பது என்றால் இது. பிப்ரவரியில் கேட்டு நவம்பரில் செய்வது. தாங்கள் யாரிடம் கேட்டீர்கள்? எங்களிடம். வலிக்கிறவரைப் படிவத்தில் எந்த மூலையிலும் காணோம். அவர் கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் 50 சொல் என்ன, ஒரு சொல்லாகக்கூட இராது. வார்டு முழுக்கக் கேட்கும்.

வினா 7: இதர கருத்துகள்.

ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும், மாவட்ட மருத்துவமனையிலும், வட்ட மருத்துவமனையிலும் மார்ஃபின் மாத்திரை எப்போதும் இருக்க வேண்டும். தீர்ந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று பதவியின் பெயரோடு ஆணையில் எழுத வேண்டும். இன்றைக்கு மார்ஃபின் கூடுதலாக இருந்தால் விசாரணை. இல்லாமலே போனால் விசாரணை இல்லை. இதைத் தலைகீழாக்குங்கள். வலிக்கு மருந்தெழுதத் தெரியாதவருக்கு எம்பிபிஎஸ் பட்டம் கிடையாது என்று ஆக்குங்கள். பதிவேட்டில் தெரியாமல் நேரும் பிழைக்குக் காவல் துறை வராது என்று எங்களுக்கு எழுத்தில் தாருங்கள். மார்ஃபினைச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் விடுங்கள். வருவாய்க்கு வேறு எத்தனையோ வழி இருக்கிறது.

இவற்றில் ஒன்றுகூடப் புதிதில்லை. ராஜகோபால் சொல்லிவிட்டார். கோழிக்கோடு செய்தே காட்டிவிட்டது. லான்செட் அச்சிட்டுவிட்டது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2009இல் தனி அறிக்கையே போட்டது. இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் 2007இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கருத்துப் பஞ்சம் இந்த நாட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இந்தப் படிவத்தின் ஒரே பயன்.

1985இல் ஒரே மாதத்தில் அந்த மருந்தை எங்கள் கையிலிருந்து பிடுங்கியபோது கடைசிக் கட்டிலில் கிடந்த எவரிடமும் நீங்கள் கருத்துக் கேட்கவில்லை. பிடுங்குவதற்குக் கேட்காதவர்கள் திருப்பித் தருவதற்கு மட்டும் ஏன் ஐயா கேட்கிறீர்கள்?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருத்துவர்.

நகல்: மருந்தகம் – இருப்பு இல்லை என்று மேலொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும் பொருட்டு.